மிதித்தோட்டும் ஊர்தி

வடசென்னையில் இருப்புப்பாதைக்கு மேலே கட்டப்பட்ட பழைய பாலம் ஒன்றை, பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைக்காலத்தில், முதிய என் தாயாருடன் சைக்கிள் ரிக்‌ஷாவில் கடக்க நேர்ந்தது. சமநிலத்தில் வண்டி இனிதாகவே ஓடிற்று. ஓசை இல்லை, புகை இல்லை. தெருவில் எதிர்ப்பட்டோருடன் இரண்டொரு சொல் பேசிக்கொண்டே ஓட்டுநர் மிதித்து வந்தார். பாலத்தின் ஏற்றம் தொடங்கியதும் வண்டியின் வேகம் தளர்ந்தது. அவர் பேச்சும் நின்றது. இருக்கையை விட்டு எழுந்து, தம் உடலின் எடை முழுவதையும் மிதிகட்டையின்மேல் ஏற்றி மிதித்தார். சிறிது தொலைவில் அதுவும் பயன்படவில்லை. கீழே குதித்து, ஒரு கையால் கைப்பிடியையும் மற்றொரு கையால் இருக்கையின் இரும்புச் சட்டத்தையும் பற்றி இழுக்கத் தொடங்கினார்.

நான் நாணமுற்று இறங்கினேன். “நீங்கள் ஏன் இறங்குகிறீர்கள் ஐயா? அம்மாவோடு உட்காருங்கள். மேடு ஏறிவிட்டால் பிறகு வண்டி தானே ஓடும்” என்றார் அவர். நான் கேட்கவில்லை, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு நடந்தேன். உச்சியை அடைந்ததும் அவர் நின்று மூச்சு வாங்கினார். அவ்வேளையில் எங்களைக் கடந்து சென்ற பேருந்து ஒன்று கரும்புகையை எங்கள்மேல் கக்கிவிட்டுப் போயிற்று. ஓய்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்திற்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுப்பார். கடுமையாக உழைப்பவரோ 40 லிட்டருக்கும் மேல் இழுப்பார். புகையே விடாத வண்டியை ஓட்டியவர், அந்தப் புகையை எங்கள் எல்லாரினும் மிகுதியாக உண்டார்.

நகரங்களின் காற்று நாளுக்கு நாள் கெட்டு வருவதைக் கண்டு, மிதித்தோட்டும் பழைய வண்டிகளுக்கு மீண்டும் வாழ்வளிக்க வேண்டும் என்று இக்காலத்தில் பலர் கூறுகின்றனர். அக்கூற்றைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாலம் நினைவுக்கு வருகிறது. நாம் தூய காற்றைப் பெறுவதற்காக மற்றொருவர் தம் மூச்சையும் முழங்காலையும் தேய்த்துக்கொள்ள வேண்டுமா? வேண்டா என்றே நான் சொல்வேன். ஆனால், அதனால் வண்டியையே ஒழித்துவிட வேண்டும் என்று முடிவு கட்டுதலும் பொருந்தாது. ஓட்டுநர்மேல் விழும் துன்பத்தில் எவ்வளவு அத்தொழிலின் இயல்பால் விழுகிறது, எவ்வளவு வண்டியின் குறையால் விழுகிறது, எவ்வளவு நாம் வகுத்துள்ள முறையால் விழுகிறது என்று பிரித்தறிதல் வேண்டும்.

ரிக்‌ஷா நம் நாட்டில் பிறந்ததன்று. 1870ஆம் ஆண்டை ஒட்டி ஜப்பான் நாட்டில் அது தோன்றியது. ‘ஜின்ரிகிஷா’ என்பது அதன் முழுப்பெயர்; மனித ஆற்றலால் இயங்கும் வண்டி என்பது அதன் பொருள். இரண்டு சக்கரம், ஓர் இருக்கை, இரண்டு நீண்ட தண்டுகள் என இவ்வளவே அதன் உறுப்புகள். தண்டுகளுக்கிடையே குதிரை நிற்கவேண்டிய இடத்தில் மனிதன் நின்றான். சில ஆண்டுகளிலேயே அது சீனத்திற்கும் சிங்கப்பூருக்கும் சிம்லாவுக்கும் கொல்கத்தாவுக்கும் சென்னைக்கும் பரவிற்று. பின்னர், ஏறத்தாழ 1930ஐ ஒட்டி, ஆசிய நகரங்கள் சிலவற்றில் மிதிவண்டியோடு இருக்கையை இணைத்து மூன்று சக்கர வண்டி செய்தனர். ஓடி இழுத்த மனிதன் அமர்ந்து மிதித்தான். இது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். உண்மையில் அது பெரிய விடுதலை. ஓடுபவன் தன் உடலையும் தூக்கிச் சுமக்கிறான். மிதிப்பவனின் உடலை வண்டியே சுமக்கிறது. தனியே செல்லும் ஒருவன் நடப்பதற்குச் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைக் கொண்டே அதே தொலைவை மிதிவண்டியில் கடந்துவிடலாம் என்பர்.

சிங்கப்பூரில் 1947ஆம் ஆண்டில் கைரிக்‌ஷா விலக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1973ஆம் ஆண்டில் கலைஞர் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது அரசு அதனை ஒழித்து, இழுத்தோர்க்குச் சைக்கிள் ரிக்‌ஷாக்களை வழங்கிற்று. மேற்கு வங்கச் சட்டமன்றம் 2006ஆம் ஆண்டில் தடை விதிக்க முன்வந்தது. ஆயினும் அதன் பின்னும் பல ஆண்டுகள் கொல்கத்தாவின் தெருக்களில் அவ்வண்டியின் மணியோசை கேட்டுக்கொண்டே இருந்தது.

இவற்றைவிட நம் சிந்தனைக்கு உரியது மாதேரான் என்னும் ஊரின் கதை. மராட்டிய மாநிலத்தில் மலைமேல் அமைந்த சிற்றூர் அது. ஊருக்குள் மோட்டார் வண்டிகள் புகலாகாது என்று விதி செய்து, அதன் காடுகளையும் காற்றையும் காத்து வந்தனர். காற்றுத் தூய்மையை நாடுவோர்க்கு அது பொன்னுலகமே. ஆனால் அவ்வூரின் செம்மண் பாதைகளில், சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய வண்டிகளை மனிதர்களே கையால் இழுத்துச் சென்றனர். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் உச்சநீதிமன்றம் இவ்வழக்கத்தைக் கண்டித்து, ஆறு திங்களுக்குள் அதனை நிறுத்துமாறும், இழுத்து வந்தோர்க்கு மின்சார ரிக்‌ஷாக்கள் கிடைக்க வழிசெய்யுமாறும் ஆணையிட்டது. புகையை விலக்கிவிட்ட ஊர், மனிதன் மனிதனை இழுப்பதை அத்தனை ஆண்டுகள் விலக்காதிருந்தது! காற்றின் தூய்மையை மட்டும் அளவுகோலாகக் கொள்வோர்க்கு இத்தகைய மறதி எளிதில் நேரும்.

இனிப் பாலத்திற்குத் திரும்புவோம். மாணவர்களே, நீங்கள் பௌதிக வகுப்பில் கற்ற சிறு கணக்கு ஒன்றை இங்கே போட்டுப் பார்க்கலாம். பழைய முறையில் செய்த சைக்கிள் ரிக்‌ஷாவின் எடை ஏறத்தாழ 80 கிலோ. ஓட்டுநர் 55 கிலோ என்றும், ஏறியவர் இருவரும் சேர்ந்து 120 கிலோ என்றும் கொள்வோம். மொத்தம் 255 கிலோ. நல்ல சாலையில், காற்றடைத்த சக்கரங்களை உருட்டிச் செல்ல, மொத்த எடையில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு விசை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல அதற்கு ஏறத்தாழ 70 வாட் ஆற்றல் தேவைப்படும். இடைவிடாது பல மணிநேரம் உழைக்கும் மனிதன் தரக்கூடிய ஆற்றலும் ஏறத்தாழ 75 வாட்தான். அதாவது ஒரு குதிரைத் திறனில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே, காற்று எதிர்த்து வீசாத சமநிலத்தில் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடுகிறது. என் தாயாரும் நானும் ஏறிய வண்டியின் ஓட்டுநர் பேசிக்கொண்டே மிதித்ததற்குக் காரணம் அதுவே.

நூறு அடிக்கு ஓர் அடி உயரும் சாலையைக் கண்ணால் பார்த்தால் மேடு என்றே சொல்லமாட்டோம். எனினும் அச்சாலையில் முன்போலவே செல்லத் தேவையான ஆற்றல் இரு மடங்காகிவிடும். நூறு அடிக்கு மூன்று அடி உயரும் பாலத்திலோ அது நான்கு மடங்காகி, 280 வாட் அளவை எட்டும். அவ்வளவு ஆற்றலைப் பயிற்சி பெற்ற பந்தய வீரர்கள் தருவர். காலையில் கஞ்சி குடித்துவிட்டு வண்டி எடுத்தவர் எவ்வாறு தருவார்?

கண்ணுக்குத் தெரியாத மேடு ஒன்றும் உண்டு. நின்றுபோன வண்டியை மீண்டும் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்திற்குக் கொணரச் செய்யவேண்டிய வேலையைக் கணக்கிட்டால், அது 100 கிலோ மூட்டையை ஒரு மீட்டர் உயரம் தூக்கும் வேலைக்கு ஏறத்தாழச் சமமாகிறது. சாலை விளக்கு சிவப்பாகி மாறும் ஒவ்வொரு முறையும், யாரேனும் குறுக்கே புகுந்து நிறுத்தம் பிடிக்கும் ஒவ்வொரு முறையும், ரிக்‌ஷாக்காரர் ஒரு நெல்மூட்டையைத் தூக்கி வைக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். காரில் இருப்பவர் கால் விரலை அழுத்துவதோடு சரி. இவர்மேல் ஒலிப்பானை முழக்குவோர் இக்கணக்கை அறிந்தால் சற்றுப் பொறுப்பர் என்று நினைக்கிறேன்.

இத்துன்பத்தில் வண்டியின் பங்கு யாது? பழைய சைக்கிள் ரிக்‌ஷாவில் பற்சக்கர அளவு ஒன்றே ஒன்று. மிதிகட்டை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் எவ்வளவு சுற்றவேண்டும் என்பது மாறாது. மேட்டில் மெல்லச் செல்ல ஓட்டுநர் விரும்பினாலும், கால் மெல்லச் சுழலுமே ஒழிய மிதிக்கவேண்டிய அழுத்தம் குறையாது. அதனால்தான் அவர் எழுந்து நிற்கிறார். மாற்றிக்கொள்ளக்கூடிய கியர்கள் இருந்தால், அதே பாலத்தை மணிக்கு 3 கிலோமீட்டர் என்னும் நடை வேகத்தில், அமர்ந்தபடியே ஏறலாம். அதற்கு வேண்டிய ஆற்றல் 85 வாட்டுக்குள் அடங்கிவிடும். சிறிது நேரத்திற்கு அது மனிதனால் இயலும் அளவே. சாதாரண மிதிவண்டியில் சிறுவர்களும் கியர் மாற்றி விளையாடும் இக்காலத்தில், மூன்று பேர் பாரத்தைச் சுமப்பவர் வண்டிக்கு மட்டும் அது நெடுங்காலம் எட்டாமல் இருந்தது வியப்பே. பெரும்பாலான வண்டிகளில் தடைக்கட்டை முன்சக்கரத்திற்கு மட்டுமே அமைந்திருந்தது. ஏறும்போது நெஞ்சு வலிக்கும்; இறங்கும்போது நெஞ்சு பதறும்!

இக்குறைகளைக் களையும் முயற்சி தாஜ்மகாலின் நிழலில் தொடங்கியது எனலாம். புகையால் அந்த வெண்பளிங்கு மங்குகிறது என்று தொடரப்பட்ட வழக்கில், சூழவுள்ள ஆலைகள் நிலக்கரியை விடுத்து இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டும், அன்றேல் வேறிடம் பெயரவேண்டும் என்று 1996ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் அந்நூற்றாண்டின் இறுதியில், போக்குவரத்துத் துறை வல்லுநர்கள் ஆக்ரா நகரில் சைக்கிள் ரிக்‌ஷாவைப் புதிதாக வடிவமைத்தனர். கெட்டியான இரும்புச் சட்டங்களுக்கு மாறாக உருக்குக் குழாய்களைக் கொண்டு உடலைச் செய்தனர், கியர்களைப் பொருத்தினர், முதியோர் ஏறுவதற்கு எளிதாகப் படியைத் தாழ்த்தினர். வண்டியின் எடை ஏறத்தாழ 55 கிலோவாகக் குறைந்தது. இருவர் ஏறியிருக்கும்போது மொத்தப் பாரத்தில் இக்குறைவு பத்தில் ஒரு பங்குதான். ஆனால் ரிக்‌ஷாக்காரர் நாளெல்லாம் ஆளேற்றியே ஓட்டுவதில்லை. கூலி கிடைக்குமா என்று வெறும் வண்டியோடு அலையும் நேரமும் உண்டு. அந்நேரத்தில் பாரம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. கூலியில்லாத உழைப்பு குறைவதுதான் பெரிய நன்மை என்பது என் கருத்து.

வண்டி நன்றாயிருந்தால் மட்டும் போதுமா? அது யாருடைய வண்டி என்பதும் கேள்வியே. பெரும்பாலான நகரங்களில் ரிக்‌ஷாவின் உரிமையாளர் ஒருவர், ஓட்டுபவர் மற்றொருவர். பயணி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நாள் வாடகை கொடுத்தாக வேண்டும். அந்த வாடகையை ஈட்டும்வரை காலையில் மிதிப்பதெல்லாம் பிறருக்காக மிதிப்பதே. பஞ்சாப் மாநிலத்தில் இதனை மாற்ற எண்ணி, வண்டியின் சொந்தக்காரரே ஓட்டவேண்டும் என்று 1975ஆம் ஆண்டில் சட்டம் செய்தனர். நோக்கம் நல்லதே. ஆனால் வாடகைக்கு ஓட்டி வந்த ஏழைகளிடம் வண்டி வாங்கப் பணம் ஏது? சட்டம் அவர்கள் கையிலிருந்த வண்டியையும் பறித்துவிடும் போலிருந்தது. அவர்கள் சங்கம் உச்சநீதிமன்றத்தை நாடிற்று. நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் அவ்வழக்கில் 1980ஆம் ஆண்டு தீர்ப்புரைத்தார். சட்டம் செல்லும், செல்லாது என்று சொல்வதோடு அவர் அமையவில்லை. ஓட்டுநர்கள் வங்கிக் கடன் பெற்று வண்டிக்கு உரியவராவதற்கு வேண்டிய வழிமுறையையும் தீர்ப்பிலேயே அமைத்துத் தந்தார். மாதேரான் வழக்கில் நீதிபதிகள் இப்பழைய தீர்ப்பை எடுத்துக்காட்டினர்.

இதே எண்ணத்தை நடைமுறையில் வளர்த்தது அசாம் மாநிலத்தின் குவஹாத்தி நகரில் 2004ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ரிக்‌ஷா வங்கி’. அவ்வூரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் எடை குறைந்த, நிலை தடுமாறாத வண்டியொன்றை வடிவமைத்துக் கொடுத்தது. ஓட்டுநர் நாள்தோறும் சிறு தொகை செலுத்திவருவார்; விலை முழுவதும் தீர்ந்த நாளில் வண்டி அவருடையதாகிவிடும். முன்பு வாடகையாகப் போன பணமே இங்கு விலையாகச் சேர்ந்தது. சொந்த வண்டியை உடையவர் அதற்கு எண்ணெய் இடுவார். தளர்ந்த ஆணியை முடுக்குவார். உடல் நலமற்ற நாளில் வாடகைக்கு அஞ்சி மிதிக்கமாட்டார்.

பஞ்சாபின் எல்லையோரச் சிற்றூராகிய ஃபாசில்கா 2008ஆம் ஆண்டில் வேறொரு வழி கண்டது. தொலைபேசியில் அழைத்தால் வீட்டு வாசலுக்கு ரிக்‌ஷா வரும் என்று ஏற்பாடு செய்தனர். கேட்பதற்கு எளிய செய்திதான். ஆயினும் அதன் பயனை எண்ணிப் பாருங்கள். வெறும் வண்டியோடு அலைதல் ஓட்டுநர்க்குக் குறைகிறது. வெயிலில் நின்று வண்டி தேடுதல் பயணிக்குக் குறைகிறது. கைப்பேசியில் காரை வரவழைக்கும் வழக்கம் நம் பெருநகரங்களில் பரவுவதற்கு முன்னரே, ஒரு சிற்றூரில் ரிக்‌ஷா அழைப்புக்கு வந்து நின்றது.

அடுத்து மின்சாரம். மராட்டியத்தில் பல்டன் என்னும் ஊரிலுள்ள நிம்ப்கர் வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம், மிதிப்பவர்க்குத் துணையாகச் சிறு மின்மோட்டார் பொருத்திய ரிக்‌ஷாவை உருவாக்கிக் காட்டிற்று. துர்க்காபூரிலுள்ள மத்திய எந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் செய்த ‘சோலெக்‌ஷா’ என்னும் வண்டி 2008ஆம் ஆண்டு அக்டோபரில் டில்லியில் வெள்ளோட்டம் விடப்பட்டது. சூரிய ஒளியால் நிரப்பிய மின்கலம் அதற்கு ஊக்கம் தந்தது. இவற்றில் நான் மிகவும் மதிப்பது ‘துணை’ என்னும் கருத்தைத்தான். பாலத்தின் ஏற்றத்திற்கு 280 வாட் வேண்டும் என்று கண்டோம். 250 வாட் மோட்டார் ஒன்று அந்த மேட்டில் மட்டும் உதவினால், ஓட்டுநர் சமநிலத்தில் மிதிப்பதைவிடக் குறைவாக மிதித்தே மேலேறிவிடுவார். மோட்டார் சிறியதாகையால் மின்கலமும் சிறியதாகும். விலையும் அதற்கேற்பக் குறையும்.

ஆனால் சந்தை அவ்வழியே செல்லவில்லை. 2010ஆம் ஆண்டுக்குப்பின் வட இந்திய நகரங்களில் மிதிகட்டையே இல்லாத மின்சார ரிக்‌ஷாக்கள் வெள்ளமெனப் பெருகின. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டு திருத்தம் செய்து அவற்றுக்கு இடமளித்தனர். நேற்றுவரை மிதித்தவர் இன்று அமர்ந்து ஓட்டுகிறார் என்றால் அதைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. முழங்கால் அவருடையது. எனினும் மற்றொரு பக்கமும் உண்டு. அவ்வண்டிகளுள் பல ஈய மின்கலங்களால் ஓடுபவை. சில காலத்தில் அவை ஆற்றல் இழந்துவிடும். அவற்றை உடைத்து ஈயத்தை உருக்கி எடுக்கும் தொழில் முறையாக நடந்தால் கேடில்லை. குடிசை ஓரத்துச் சிறு பட்டறைகளில் நடந்தால் அப்புகையும் துகளும் அருகில் விளையாடும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். சாலையில் புகையில்லை என்று மகிழும்போது பட்டறையில் எழும் புகையையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

மேலைநாட்டினர் இத்துறையில் செய்வதையும் சிறிது காண்போம். ஜெர்மனியின் தலைநகராகிய பெர்லினில் 1997ஆம் ஆண்டு முதல் மூடிய கூடுடைய மிதி டாக்சிகள் ஓடத் தொடங்கின. கோபன்ஹேகன் நகரில் 1984ஆம் ஆண்டில் தோன்றிய ‘கிறிஸ்டியானியா’ வண்டியில், முன்புறம் பெட்டியும் அதன் இருபுறம் சக்கரமும் இருக்கும். அப்பெட்டியில் குழந்தைகளையும் காய்கறிக் கூடையையும் வைத்துப் பெற்றோர் தாமே மிதித்துச் செல்கின்றனர். ஹாம்பர்க் நகரில் 2012ஆம் ஆண்டு முதல் ஒரு பொதி அஞ்சல் நிறுவனம், நகர நடுவில் பெரிய பெட்டகம் ஒன்றை நிறுத்திவைத்து, அதிலிருந்து பொதிகளைக் கால்நடையாகவும் மிதிவண்டிகளிலும் வீடுகளுக்கு அனுப்பிற்று. சென்னை மக்கள் மீன்பாடி வண்டி என்று அழைக்கும் மூன்று சக்கரச் சுமைவண்டி நெடுங்காலமாகச் செய்துவந்த வேலைதான் இது. நம் ஊரில் அதனை ஓட்டுபவருக்குக் கியரும் கிடைக்கவில்லை, மதிப்பும் கிடைக்கவில்லை. வேறு வழியின்றிச் சிலர் பழைய மோட்டார் சைக்கிளின் எந்திரத்தைக் கழற்றி அதில் பொருத்தி ஓட்டினர். வண்டி புகைந்தது, சட்டமும் முறைத்தது. ஹாம்பர்க்கில் அதே வண்டி புதுமை எனப் புகழப்பட்டது!

வங்காள தேசத்தின் தலைநகராகிய டாக்காவின் ரிக்‌ஷாக்களும் அவற்றின்மேல் தீட்டப்படும் ஓவியங்களும், 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. மயிலும் மலரும் திரைப்பட நடிகரும் அவ்வண்டிகளின் பின்பலகையில் ஒளிர்வதைக் காணக் கண்கோடி வேண்டும். பின்பலகையை நோக்கும் கண் முன்னிருக்கும் முதுகையும் நோக்கினால் நன்று.

நிறைவாகச் சாலையைப் பற்றிச் சொல்லவேண்டும். எவ்வளவு நல்ல வண்டியாயினும், நூறு கிலோ மூட்டையை நிமிடத்திற்கொருமுறை தூக்கவைக்கும் சாலையில் அதன் நன்மை கரைந்துபோகும். டில்லி மாநகரில் செங்கோட்டையின் எதிரே தொடங்கும் சாந்தினி சௌக் என்னும் கடைத்தெரு இதற்குத் தக்க சான்று. மொகலாயர் காலத்துத் தெரு அது. சைக்கிள் ரிக்‌ஷாக்களால் நெரிசல் மிகுகிறது என்று கருதி, 2006ஆம் ஆண்டில் அத்தெருவில் அவை ஓடலாகாது என்று தடுத்தனர். நகரம் முழுவதிலும் ரிக்‌ஷா உரிமங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தது. உரிமமில்லாத வண்டிகளைப் பறித்து நொறுக்கும் வழக்கமும் இருந்தது. கார்களின் எண்ணிக்கைக்கோ எந்த வரம்பும் இல்லை. இந்த ஓரவஞ்சனையை ஆராய்ந்த டில்லி உயர்நீதிமன்றம், 2010ஆம் ஆண்டில் ரிக்‌ஷா வரம்பைச் செல்லாதென அறிவித்தது.

அதன்பின் அத்தெருவையே புதுக்கினர். செங்கோட்டையின் பக்கத்திலிருந்து பதேபுரி மசூதி வரையுள்ள ஏறத்தாழ ஒன்றேகால் கிலோமீட்டர்த் தொலைவும் செந்நிறக் கற்கள் பாவி, 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் திறந்துவைத்தனர். காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை அங்கு மோட்டார் வண்டிகள் புகலாகாது. நடப்போரும் சைக்கிள் ரிக்‌ஷாக்களும் செல்லலாம் என்பது புதிய விதி. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தள்ளப்பட்ட வண்டி உள்ளே வந்தது. அதைத் தள்ளிய வண்டிகள் வெளியே நின்றன. விதியை மீறி மோட்டார் சைக்கிள்கள் நுழைவதும், அவற்றைக் காவலர் விரட்டுவதும் அங்கு அவ்வப்போது நடப்பவையே. எனினும் அந்த ஒன்றேகால் கிலோமீட்டரில் மேடு இல்லை. சாலை விளக்குக்காக நிற்க வேண்டியதில்லை. முகத்தில் அறையும் பேருந்துப் புகையும் இல்லை. அங்கே ரிக்‌ஷா ஓட்டுபவர், வண்டியில் அமர்ந்திருப்பவரிடம் கடைகளைக் கைகாட்டிப் பேசிக்கொண்டே மிதித்துச் செல்லலாம்.